ஸ்க்ரோல்: உருள்வது எது, உருட்டுவது யார்?

"விரலைக் கீழே இழுத்தால் செய்தி மேலே ஓடுகிறதே தம்பி, கெட்டுப்போய்விட்டதா?" என்று கேட்டார் மாடிவீட்டுப் பெரியவர். பெங்களூரு அல்சூரில் எங்களுக்கு அண்டை வீட்டுக்காரர். மகன் வாங்கித் தந்த மடிக்கணினியில் தமிழ் நாளிதழ் படிக்க உட்கார்ந்திருந்தார். கைபேசியில் விரல் போகும் பக்கமே எழுத்தும் போகும்; மடிக்கணினியில் விரல் தேய்க்கும் பலகையான டச்பேடில் அது நேர்மாறாக இருந்தது.

விண்டோஸ் 11இன் அமைப்புகளைத் திறந்தேன். புளூடூத், சாதனங்கள் பகுதிக்குள் டச்பேட். அதற்குள் ஸ்க்ரோல் திசை. தெரிவுகள் இரண்டே: 'கீழ் அசைவு மேலே ஸ்க்ரோல் செய்யும்', 'கீழ் அசைவு கீழே ஸ்க்ரோல் செய்யும்'. தமிழில் படித்துச் சொன்னேன். "மேலே போவது எது? பக்கமா, என் பார்வையா?" என்றார்.

மிகச் சரியான கேள்வி. முதல் தெரிவை அழுத்தியதும் எழுத்து விரலோடு சேர்ந்து இறங்கியது. அப்படியானால் அங்கே 'மேலே' என்றிருப்பது நம் பார்வை ஏறுவதைத்தான். பக்கம் கீழேதான் வருகிறது. எது நகர்கிறது என்பதை ஸ்க்ரோல் என்ற சொல் சொல்வதே இல்லை.

அச்சொல் முதலில் வினையே அன்று, ஒரு பொருளின் பெயர். தோல் துண்டைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்று ஆங்கிலத்துக்கு வந்து, 'ரோல்' என்ற சொல்லின் சாயலேறி ஸ்க்ரோல் ஆயிற்று. எழுதிச் சுருட்டி வைத்த ஏடு என்பது பொருள். அந்த ரோலுக்கு மூலம், சிறு சக்கரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல். திரையில் பக்கத்தை ஓட்டுவது என்ற வினைப்பொருள் கணினிக்கு வந்தபின் ஏறியது. 1996இல் வந்த மைக்ரோசாஃப்டின் இன்டெல்லிமவுஸ் என்ற சுட்டியில் விரலடியில் மெய்யாகவே ஒரு சக்கரம் உருண்டது. டச்பேடில் உருள ஒன்றுமில்லை. சொல் மட்டும் தொடர்கிறது.

தமிழில் ஏட்டுக்குச் சுருள் என்பதே பொருத்தம். செயலுக்கு அது ஆகாது: சுருட்டு என்றால் பாயைச் சுருட்டி மூலையில் வைப்பதுபோல் ஆகிவிடும். நகர்த்து என்பாரும் உண்டு. கோப்பை இடம் மாற்றவும் அதே சொல் தேவைப்படுமே. எனக்கு உகந்தவை உருள், உருட்டு. அல்சூர் ஏரிக்கரையில் 2009 முதல் சிலையாக அமர்ந்திருக்கும் வள்ளுவர் 667ஆம் குறளில் 'உருள்பெருந்தேர்' என்கிறார். உருள் என்பதற்குச் சக்கரம் என்றும் பொருளுண்டு. லத்தீன் மூலமும் அதுவே என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. உருட்டு என்றால் புளுகு என்று இளைஞர்கள் தயங்குகிறார்கள். தாயக்கட்டையை உருட்டும்போது யாரும் அப்படி நினைப்பதில்லையே!

இதில் இன்னொரு வளமும் உண்டு. உருள் தன்வினை, உருட்டு பிறவினை. விரல் உருட்டுகிறது, பக்கம் உருள்கிறது. பெரியவரின் கேள்விக்கு இலக்கணமே விடை சொல்லிவிடுகிறது.

2011இல் மேக் கணினிகளுக்கு லயன் பதிப்பு வந்தபோது, பக்கம் விரலோடு செல்லும் திசையே முன்னிருப்பாக அமைந்தது. அதற்கு 'நேச்சுரல்' என்று பெயர். இதை 'இயற்கை' என்று பெயர்த்தால் காடும் மலையும்தான் நினைவுக்கு வரும். 'இயல்பு உருட்டல்' போதும். விண்டோஸின் அந்த இரண்டு வரிகளையோ நான் இப்படி எழுதுவேன்: 'பக்கம் விரலோடு உருளட்டும்', 'பக்கம் விரலுக்கு எதிராக உருளட்டும்'.