சேவ் செய்தும் மறக்கும் ரவுட்டர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிற்பகல் வானம் கறுத்தால் கடைக்காரர்கள் பிளக்கைப் பிடுங்க ஆரம்பித்துவிடுவார்கள். இடி மின்னலுக்குப் பேர்போன பகுதி இது. கரண்டு ஒரு நொடி போய் வருவதெல்லாம் இங்கே ஒரு செய்தியே இல்லை. ஆனால் அந்த ஒரு நொடிக்குப் பிறகு சில அலுவலகங்களிலிருந்து, ரவுட்டர் அமைத்துக் கொடுக்கும் எனக்குப் போன் வரும்: "தம்பி, நீங்க சேவ் பண்ணிட்டுத்தானே போனீங்க? இப்ப லைனே இல்லையே!"

செம்பனைத் தோட்ட அலுவலகம் ஒன்றில் கிராணியார் (தோட்டக் கணக்கர்) அப்படித்தான் கேட்டார். அங்கிருந்தது இரண்டாம் கையாக வாங்கிய சிஸ்கோ ரவுட்டர். அமைப்புகளைச் சேமித்தது உண்மை. சேமித்தவை உள்ளே பத்திரமாக இருந்ததும் உண்மை. இருந்தும் கரண்டு வந்தபோது, ஒன்றுமே தெரியாததுபோல், "ஆரம்ப அமைப்பைச் செய்யலாமா?" என்று திரையில் கேட்டுக்கொண்டு நின்றது.

ஏன் என்று புரிய, ரவுட்டர் எப்படி எழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிஸ்கோவின் வழக்கமான ரவுட்டரில் நான்கு வகை நினைவகம் உண்டு. ரோமில் தொடக்க நிரல், ஃபிளாஷில் ஐஓஎஸ் என்ற இயங்குதளம், என்வி-ராமில் சேமித்த அமைப்பு, ராமில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு. கரண்டு போனால் அழிவது ராம் மட்டும்தான். மின்சாரம் வந்ததும் தொடக்க நிரல், தோட்டத்தில் காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) மண்டோர் என்ற மேற்பார்வையாளர் பேர் கூப்பிடுவது மாதிரி, ஒவ்வொரு பாகமாகச் சோதிக்கும். அப்புறம் ஃபிளாஷிலிருந்து ஐஓஎஸ்ஸை ஏற்றும். கடைசியாக என்வி-ராமில் உள்ள அமைப்பை எடுத்து ராமில் போடும். நாம் மாற்றிய எதையும் சேவ் செய்யாமல் விட்டால் அது ராமோடு போய்விடும். பெரும்பாலான புகார்களுக்குக் காரணம் அவ்வளவுதான்.

கிராணியாரின் ரவுட்டரில் நடந்தது வேறு. அந்தக் கடைசிப் படியையே அது தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தாண்டச் சொன்னது கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டர் என்ற 16 பிட் எண். பிட் என்பது 0 அல்லது 1.

'ஷோ வெர்ஷன்' என்ற கட்டளையை அடித்தால் வெளியீட்டின் கடைசி வரியில் இந்த எண் தெரியும். பதினாறை அடியாகக் கொண்ட எண் அது. வழக்கமாக 2102 என்றிருக்கும். ஒவ்வொரு இலக்கமும் நான்கு பிட். 2102ஐப் பிரித்து எழுதினால் 0010 0001 0000 0010. கடைசி இலக்கம் எங்கிருந்து எழுவது என்று சொல்கிறது: 0 என்றால் ஐஓஎஸ்ஸை ஏற்றாமல் ரோம்மான் என்ற பழுதுபார்க்கும் நிலையிலேயே நின்றுவிடும், 2 என்றால் எந்த ஐஓஎஸ்ஸை ஏற்றுவது என்று அமைப்பில் எழுதியுள்ள 'பூட் சிஸ்டம்' வரிகளை வரிசையாக முயலும். சரி, இப்போது மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 0 இருந்த இடத்தில் 4 வந்தால் 0000 என்பது 0100 ஆகிறது. மாறியது ஒரே ஒரு பிட். வலமிருந்து பூஜ்யத்தில் தொடங்கி எண்ணினால் அது ஆறாவது பிட். அதற்குப் பொருள்: என்வி-ராமில் இருப்பதைக் கண்டுகொள்ளாதே.

தோட்ட அலுவலகத்து ரவுட்டர் 2142 என்று காட்டியது.

இந்தப் பிட் வீணாக வைக்கப்பட்டதல்ல. கடவுச்சொல்லை மறந்தவருக்கு அதுதான் வழி. ரவுட்டரைக் கணினியோடு நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிளைச் செருகி, ரவுட்டரை அணைத்துப் போட்டு, முதல் ஒரு நிமிடத்துக்குள் பிரேக் விசையை அனுப்பினால் ரோம்மான் வரும். அங்கே 2142 என்று மாற்றி எழுப்பினால், பழைய கடவுச்சொல் சேர்ந்த அமைப்பு ஏறாது. உள்ளே போய், பழைய அமைப்பை ராமுக்குக் கொண்டுவந்து, புதுக் கடவுச்சொல் வைத்து, எண்ணைத் திரும்ப 2102 ஆக்க வேண்டும். முன்பு வைத்திருந்தவர் கடைசி வேலையை விட்டுவிட்டார் போலும்.

இதில் எனக்கு எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று உண்டு. இந்த எண் அமைப்புக் கோப்பில் எழுதப்படுவதில்லை; தனியாக என்வி-ராமில் இருக்கும். அதனால் கோப்பை வரிக்கு வரி படித்தாலும் கண்ணில் படாது. காப்பு எடுத்து வைத்தாலும் அதில் வராது. ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும் வரை ஒரு கோளாறும் தெரியாது. மாற்றுவதற்கு ஒரே கட்டளை போதும். மாற்றியபின் 'ஷோ வெர்ஷன்' அடித்தால், அடுத்தமுறை எழும்போது எண் 2102 ஆகும் என்ற குறிப்பும் பக்கத்திலேயே வரும். பழைய ரவுட்டர் வாங்குபவர்கள் இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுக் காசு கொடுப்பது நல்லது.

கன்சோல் துளையைத் தொட முடிந்தவர் யாராயினும் இதே வழியில் உள்ளே போகலாம் என்பதையும் கவனியுங்கள். அலமாரிக்குப் பூட்டு தேவைப்படுவது இதனால்தான். கடவுச்சொல் மீட்பையே தடுக்கும் கட்டளையும் உண்டு, ஆனால் அதன்பின் கடவுச்சொல்லை மறந்தால் சேமித்த அமைப்பை அழித்துத்தான் உள்ளே போக முடியும். சின்ன அலுவலகத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சிஸ்கோவின் 2960 போன்ற சுவிட்சுகளில் கடவுச்சொல் மீட்புக்கு ரெஜிஸ்டரை நாடுவதில்லை. முகப்பிலுள்ள மோட் பொத்தானை அழுத்தியபடி எழுப்பி, ஃபிளாஷிலுள்ள அமைப்புக் கோப்பின் பெயரை மாற்றிவிடுவார்கள். பெயர் மாறிய கோப்பு சுவிட்சின் கண்ணுக்குப் படாது. உள்ளே போனதும் பழைய பெயரையே திரும்ப வைத்து, அமைப்பை ராமுக்குக் கொண்டுவந்து, புதுக் கடவுச்சொல் வைத்துச் சேமிக்க வேண்டும். வீட்டு ரவுட்டரில் அந்த நயமெல்லாம் கிடையாது. ஊசி முனையால் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நாம் வைத்த வைஃபை பெயர், கடவுச்சொல் எல்லாமே போய்விடும். மென்பொருள் மட்டும் மிஞ்சும்.