பட்டா மாறுதல்: மனுவில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது?

எங்கள் அத்தைக்குப் பாகப்பிரிவினையில் 42 சென்ட் நஞ்சை வந்தது. மேலூர்ப் பக்கம், பெரியாறு பாசனம். பத்திரம் பதிந்து ஏழு மாதமாகியும் பட்டா தாத்தா பெயரிலேயே கிடந்தது. மனு எழுதிக் கொடுத்த ஆளைக் கேட்டால், "சர்வேயர்கிட்ட நிக்குதுத்தா, கொஞ்சம் கவனிக்கணும்" என்பார். அத்தையும் இரண்டு தடவை பணம் கொடுத்துவிட்டார். மனு எண்ணை வாங்கி நான் இணையத்தில் போட்டுப் பார்த்தேன். நான்கு மாதத்துக்கு முன்பே நிராகரிப்பு. காரணம்: மூலப் பத்திர நகல் இணைக்கவில்லை. அந்தச் செய்தி அத்தைக்கு வரவே இல்லை, ஏனென்றால் மனுவில் இருந்தது எழுதிக் கொடுத்தவருடைய போன் நம்பர்.

செத்துப்போன மனுவுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். நம் மனு எந்த மேசையில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாத வரை இந்த வியாபாரம் நடக்கும். இணையவழி மனுவில் பதிவான தேதி, இப்போதைய நிலை, தள்ளுபடி செய்தால் அதன் காரணம் எல்லாம் பதிவில் நிற்கும். அதைப் பார்க்கும் வழி நம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்குக் கட்டணம் 60 ரூபாய். வீட்டிலிருந்தே அரசின் 'தமிழ்நிலம்' இணையதளத்திலும் போடலாம். எங்கே போட்டாலும் உங்கள் நம்பரைக் கொடுங்கள். பட்டன் போன் என்றாலும் பரவாயில்லை, ஓ.டி.பி. வந்தால் போதும். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

மனு இரண்டு வகை. ஒரு சர்வே எண் முழுதும் கைமாறினால் அது உட்பிரிவு இல்லாத மாறுதல், அளக்கத் தேவையில்லை. விற்றவர் பெயரிலேயே பட்டா இருந்தால், பத்திரம் பதியும்போதே தானாக மாறிவிடும் ஏற்பாடும் இருக்கிறது. ஒரு எண்ணில் ஒரு பகுதி மட்டும் வந்தால் உட்பிரிவு செய்ய வேண்டும், அதாவது அந்தப் பகுதியை அளந்து தனி எண்ணாகப் பிரிக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம், அதையும் ரசீதோடுதான் கட்ட வேண்டும். சர்வேயர் கையில் தரும் பணம் அதில் சேராது.

இந்த இரண்டாவது வகையில்தான் இன்னும் சிக்கல். வரப்புக்குக் கம்ப்யூட்டர் வராது, மனிதர்தான் வந்து அளக்க வேண்டும். கை நீளுவதும் அங்கேதான். அளக்கிற அன்று நீங்களும் பக்கத்து நிலத்துக்காரர்களும் வயலில் இருங்கள். புலப்படத்தையும் (நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் சர்வே வரைபடம்) பழைய பட்டாவையும் அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் இலவசமாக எடுத்து முன்கூட்டியே பார்த்து வைத்தால், எந்தக் கல் எங்கே இருக்க வேண்டும் என்று நீங்களே காட்டலாம்.

மனு அசையாமல் கிடந்தால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள்; விளக்கம் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை. மனு எண்ணைக் குறிப்பிட்டு, எந்தெந்தத் தேதியில் எந்தப் பதவியில் உள்ளவரிடம் போனது, அவர் என்ன நடவடிக்கை எடுத்தார் என்று கேளுங்கள், அதற்கான பதிவின் நகலும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போவதாக இருந்தாலும் அந்தப் பதிலோடு போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

நேரடியாகக் காசு கேட்டால்? 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்துவிட்டவர் ஏழு நாளுக்குள் புகார் சொன்னால் அவர்மேல் குற்றம் வராது. கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போவது இன்னும் நல்லது. ரசாயனம் தடவிய நோட்டை வைத்துக் கையும் களவுமாகப் பிடிப்பது அப்படித்தான்.

அத்தை மறுபடி மனுப் போட்டார், இந்தத் தடவை மூலப் பத்திரத்தோடு, தன் நம்பரில். அளக்க வரும் நாளைச் சர்வேயர் அத்தையிடமே போனில் சொன்னார். காலை ஏழு மணிக்கே வரப்பில் போய் நின்றுகொண்டு, "அந்தக் கல்லு நான் வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து இங்கனதான் இருக்கு" என்று அவருக்குக் காட்டினார்.