ரேடியோ பாடும்போது சாவி எங்கே நிற்கிறது?

‘சும்மா உட்கார்ந்து ரேடியோதான் கேட்டுக்கிட்டிருந்தேன், அப்புறம் பார்த்தா செல்ஃப் எடுக்கலை’ என்று யாராவது பழைய காரைக் கொண்டுவந்தால் நான் உடனே பேட்டரிக்குப் போவதில்லை. சாவியை எந்த நிலையில் வைத்துக் கேட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. திருப்பினேன், பாடியது, அவ்வளவுதான். புதிய வண்டிகளில் இந்த அலட்சியம் பெரிதாக எதையும் கெடுத்துவிடாது. பாயிண்ட் செட் (ஸ்பார்க்குக்காகக் கரண்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) வைத்த பழைய பெட்ரோல் கார் என்றால் கதையே வேறு.

இக்னிஷன் சுவிட்சில் வழக்கமாக நான்கு நிலைகள்: லாக், ஏசிசி (அக்சசரி), ஆன், ஸ்டார்ட். ஏசிசி-யில் ரேடியோ, லைட்டர் சாக்கெட், சில வண்டிகளில் வைப்பர், இவற்றுக்கு மட்டும்தான் கரண்ட் போகும். ஆன் வைத்தால் இஞ்சினை ஓட்டத் தேவையான மொத்த சர்க்கியூட்டும் உயிர்பெறும். ஸ்டார்ட் அடிக்கும்போது செல்ஃப் மோட்டாருக்கு முழு பலமும் கிடைக்கட்டும் என்று பெரும்பாலான சுவிட்சுகள் ஏசிசி லைனைத் துண்டித்துவிடும், அதனால் அந்த இரண்டு நொடி ரேடியோ நின்று போவது இயல்பு. இதைக் கோளாறு என்று நினைத்து டேஷ்போர்டையே பிரித்துப் போட்டவர்களும் உண்டு.

எல்லா வண்டியிலும் ஏசிசி ஒரே இடத்தில் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் ஆஃப்-இலிருந்து சாவியை இடப்பக்கம், அதாவது ஸ்டார்ட் அடிப்பதற்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் ஏசிசி வரும். சிலவற்றில் அந்த நிலையே கிடையாது. சில பழைய டீசல் வண்டிகளிலோ அப்படி இடப்பக்கம் திருப்பினால், குளிர்ந்த இஞ்சின் ஸ்டார்ட் ஆக உதவும் ஹீட்டர் பிளக் சூடாகத் தொடங்கும், ரேடியோவுக்காக அங்கே நிறுத்தி வைத்தால் பேட்டரி மளமளவென்று இறங்கிவிடும்.

சரி, ஆன்-இல் வைத்தால் என்ன ஆகும்? இஞ்சின் ஓடும்போது, ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் திறந்து திறந்து மூடும், ஸ்பார்க்குக்கான உயர் வோல்டேஜைத் தரும் காயிலுக்கு விட்டுவிட்டுத்தான் கரண்ட் போகும். இஞ்சின் நின்றிருக்கும்போது பாயிண்ட் மூடிய நிலையில் நின்றுவிட்டால் கரண்ட் விடாமல் ஓடும். காயிலின் பிரைமரி சுற்று ஏறக்குறைய 3 ஓம், பேட்டரி 12 வோல்ட், ஆக 4 ஆம்பியர், கிட்டத்தட்ட 48 வாட். ஒரு சால்டரிங் அயர்னை மூடிய டப்பாவுக்குள் போட்டு சுவிட்ச் போட்ட மாதிரி. காயில் சூடேறி உள்ளேயுள்ள எண்ணெய் கசியும், இன்சுலேஷன் வெந்துபோகும், சில நேரம் மூடியே பிதுங்கிக்கொண்டு வரும். பாயிண்ட்டின் முனைகளும் கருகும். பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் மாட்யூல் போட்டிருக்கிறேன், எனக்கென்ன என்று நினைக்க வேண்டாம், அந்த மாட்யூல்களின் முதல் தலைமுறையில் சில, இஞ்சின் நின்றபடி ஆன்-இல் கிடந்தால் காயிலுக்கு முன்னாலேயே போய்விடும்.

‘நான் பல தடவை ஆன்-இல் வைத்துக் கேட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே’ என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வண்டி நிற்கும்போது பாயிண்ட் திறந்து நின்றிருக்கும். நான்கு சிலிண்டர் டிஸ்ட்ரிபியூட்டரில் ஒவ்வொரு 90 டிகிரிக்கும் சுமார் 50 முதல் 60 டிகிரி வரை பாயிண்ட் மூடியேதான் இருக்கும், ஆக மூடி நிற்கத்தான் வாய்ப்பு அதிகம். அதிர்ஷ்டத்தை நம்பிப் பாட்டுக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள மீட்டர் எதுவும் வேண்டாம். டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் விளக்கும் சார்ஜ் விளக்கும் சிவப்பாக எரிந்தால் சாவி ஆன்-இல் இருக்கிறது. ரேடியோ பாடுகிறது, சிவப்பு விளக்கு இல்லை என்றால் ஏசிசி. இதை வீட்டில் வண்டியைத் தொடுகிற எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

இதில் எனக்கு எரிச்சல் வருவது, யாரோ அவசரத்தில் ரேடியோ செட் பொருத்தி ஏசிசி-யையே வேலைக்காகாமல் செய்துவிட்டுப் போயிருப்பதைப் பார்க்கும்போதுதான். அண்மையில் வந்த ஒரு வண்டியில் ரேடியோவின் சிவப்பு ஒயர் ஃபயர்வாலை (இஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பை) தாண்டி நேராகக் காயிலின் பாசிட்டிவ் முனைக்கு வந்திருந்தது. நடுவில் ஃபியூஸ் இல்லை, முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள், அந்த டேப்பும் சூட்டில் இளகி விரலில் ஒட்டியது. காயிலின் கழுத்தில் எண்ணெய் கசிந்து தூசி படிந்து கறுப்பாக இறுகியிருந்தது. இப்படி இணைத்தால் சாவி ஆன்-இல் இருந்தால்தான் ரேடியோ பாடும், உரிமையாளருக்கு வேறு வழியே இல்லை. போதாக்குறைக்கு இஞ்சின் ஓடும்போது ஸ்பார்க்கின் டிக் டிக் சத்தம் ஸ்பீக்கரில் கேட்கும்.

சரியான ஒயரைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை நல்ல எர்த்தில் (வண்டிப் பாடியின் வெறும் உலோகத்தில்) வைத்து, சந்தேகப்படும் ஒயரில் சிவப்பு முனையை வையுங்கள். ஆஃப்-இல் 0, ஏசிசி-யிலும் ஆன்-இலும் 12 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே, ஸ்டார்ட் அடிக்கும்போது மறுபடி 0 என்று காட்டினால் அதுதான் ஏசிசி லைன். ஏசிசி-யில் செத்துக் கிடந்து, ஸ்டார்ட் அடிக்கும்போதும் உயிரோடு இருந்தால் அது இக்னிஷன் லைன், தொடாதீர்கள். இப்போதைய செட்களில் சிவப்பு ஒயர் ஏசிசி-க்கு, மஞ்சள் நேரடியாக பேட்டரிக்கு, நினைவில் வைத்த ஸ்டேஷன்கள் அழியாமல் இருக்க. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் ஒவ்வொரு முறை சாவியை எடுக்கும்போதும் ஸ்டேஷன் எல்லாம் அழிந்துவிடும். சில ஐரோப்பிய கார்களின் கனெக்டரில் தொழிற்சாலையிலேயே இந்த இரண்டு முனைகளும் இடம் மாறித்தான் இருக்கும், நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருப்பது) கொண்ட பழைய பிரிட்டிஷ் கார்களிலும், 6 வோல்ட் கார்களிலும் இப்போதைய செட்டை அப்படியே மாட்டவே கூடாது, பாசிட்டிவ் எர்த்தில் செட்டின் உடம்பு பாடியில் பட்டதுமே ஷார்ட் ஆகும்.

ஆம்ப்ளிஃபயர் வைக்கிறீர்கள் என்றால் அதன் முழுச் சுமையையும் ஏசிசி காண்டாக்டில் ஏற்றாதீர்கள். அந்தச் சுவிட்சுக்குள் இருப்பது சின்னப் பித்தளைத் தகடு, சூடேறி உருகினால் மொத்த இக்னிஷனும் போகும். பேட்டரியிலிருந்து தனி ஒயர், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ், ஏசிசி ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்யும் வெறும் சிக்னல் மட்டும்.

ஏசிசி-யில் வைத்துவிட்டால் எவ்வளவு நேரம் கேட்டாலும் பரவாயில்லை என்று அர்த்தமில்லை. சாதாரணச் சத்தத்தில் ரேடியோ 1 முதல் 2 ஆம்பியர் இழுக்கும். 40 ஆம்பியர்-மணி பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு வரை போகும், வண்டி தாராளமாக ஸ்டார்ட் ஆகும். அதே இரண்டு மணி நேரம் ஆன்-இல் இருந்தால் காயில், மீட்டர்கள், பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு காயில், எல்லாம் சேர்ந்து பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கைக் காலி செய்துவிடும். பேட்டரி பழசு என்றால் அதோடு முடிந்தது. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் செல்ஃப் எடுப்பதற்கென்று செய்த பேட்டரி சீக்கிரம் சாகும்.

இன்னொன்று, இது பேட்டரியைவிட முக்கியம். ஏசிசி-யில் இஞ்சின் நின்றிருக்கும், பிரேக் மிதிப்பதை இலகுவாக்கும் பூஸ்டருக்கு இஞ்சினிலிருந்து வாக்குவம் கிடைக்காது, இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். அதனால் சரிவில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு வண்டியை உருட்டிக்கொண்டு போகாதீர்கள், பெட்ரோல் மிச்சம் என்று யார் சொன்னாலும் சரி. ஓடும்போதே சாவி தானாக ஏசிசி-க்கு நழுவுவதும் நடந்திருக்கிறது. 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் செவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் உள்ளிட்ட சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். சுவிட்சின் பிடிமானம் போதாமல், சாவிக்கொத்தின் கனத்திலோ முழங்கால் பட்டதாலோ சாவி திரும்பி, இஞ்சின் நின்று, பவர் ஸ்டீயரிங் போய், மோதும்போது ஏர்பேக்கும் விரியவில்லை. நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124.

பழைய வண்டியில் தேய்மானமே இதைச் செய்யப் போதும். வண்டிச் சாவியைத் தனி வளையத்தில் போடுங்கள். இஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு நிலைக்கும் சாவியைத் திருப்பிப் பாருங்கள், ‘டக்’ என்று கையில் தெரிய வேண்டும். கொழகொழவென்று நகர்ந்தாலோ, லேசாக ஆட்டியதும் ரேடியோ நின்று நின்று பாடினாலோ சுவிட்ச் தேய்ந்துவிட்டது. சில மாடல்களில் ஏசிசி-யில் சாவியை உருவிக்கொள்ளும்படியே செய்திருப்பார்கள், அது வேறு. உங்கள் வண்டி அந்த ரகமில்லை, இருந்தும் ஏசிசி-யில் வைத்து இழுத்தால் சாவி கையோடு வருகிறது என்றால், அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் லாக்கையும் சுவிட்சையும் மாற்றிவிடுங்கள்.