விஞ்சுவதும் மிஞ்சுவதும்

ஒருவரை ஏதேனும் ஒன்றில் கடந்து மேலே நிற்பதுதான் விஞ்சுதல். அழகில் விஞ்சலாம், அறிவில் விஞ்சலாம், புளுகுவதிலும் விஞ்சலாம். நல்லது கெட்டது பார்க்காத சொல் அது.

இதன் அடி 'மிகு'. மிகை, மிகுதி, மிக்க, மிச்சம் எல்லாம் அந்தக் குடும்பம். 'மிஞ்சு' அதில் பிறந்தது; 'விஞ்சு' அதன் மறுவடிவம். பேச்சில் வானம் 'மானம்' ஆகிறதே, அதே வகரமகர மாற்றம்தான். தெலுங்கிலும் 'மிஞ்சு' இதே பொருளில் வழங்குகிறது. காப்பியங்களில் வரும் விஞ்சையருக்கும் இதற்கும் உறவில்லை. அவர்கள் வித்தியாதரர்கள் என்னும் தேவகணத்தார்; அந்தப் பெயர் 'வித்தை'யின் வழி வந்தது.

ஒரே வேரில் கிளைத்தாலும் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. 'மிஞ்சு' என்றால் எஞ்சுவதும் உண்டு: சோறு மிஞ்சியது, கடன்தான் மிஞ்சியது. இந்த இடங்களில் 'விஞ்சியது' வராது. அளவு கடப்பதும் 'மிஞ்சு'தான்: 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு'. 'கெஞ்சினால் மிஞ்சுவான், மிஞ்சினால் கெஞ்சுவான்' என்பதில் அடங்காத்தனமே தெரிகிறது. ஆனால் 'தோளுக்கு மிஞ்சினால் தோழன்' என்பதில் அந்த உறுத்தல் இல்லை, வெறும் உயரம்தான். 'குருவை மிஞ்சிய சீடன்' பாராட்டாகவும் இருக்கும், குத்தலாகவும் இருக்கும். சொல்பவரின் குரலைப் பொறுத்தது. ஐயத்துக்கு இடமில்லாமல் பாராட்ட வேண்டுமானால் 'விஞ்சிய' என்றே எழுதிவிடலாம்.

அடிக்கடி கண்ணில் படும் பிழை ஒன்று: 'அண்ணனை விடத் தம்பி விஞ்சிவிட்டான்'. விஞ்சுவதிலேயே ஒப்பீடு அடங்கியிருக்கிறது; 'விட' எதற்கு? 'அண்ணனைத் தம்பி விஞ்சிவிட்டான்', அவ்வளவுதான். இரண்டாம் வேற்றுமையே போதும். 'விட' இருந்தே தீர வேண்டும் என்பவர்கள் 'அண்ணனை விடத் தம்பி சிறந்தவன்' என்று எழுதிக்கொள்ளட்டும்.

வடமொழி 'அதிசயம்' மூலத்தில் விஞ்சி நிற்கும் நிலையையும் குறிக்கும். தமிழில் அது பெரும்பாலும் வியப்பாகிவிட்டதால் 'விஞ்சுதல்' என்பதற்கு மாற்றாக உதவாது. பேச்சில் 'தூக்கிச் சாப்பிட்டுவிட்டான்' என்கிறோம். சுவையான தொடர்தான், ஆனால் ஆய்வுக் கட்டுரைக்குப் பொருந்தாது.

'ஓவர்டேக்' என்பதற்கு 'விஞ்சுதல்' என்று எழுதுவோரும் உண்டு. சாலையில் நடப்பது முந்திச் செல்லுதல். 'லாரியை விஞ்சிய பஸ்' என்றால், எதில் விஞ்சியது என்று வாசகர் கேட்பார்.