மலேரியாவிடமிருந்து காத்த மரபணு: அரிவாள் செல் ரத்தசோகையை எப்படிப் புரிந்துகொள்வது?

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் வட்டாரங்களில் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு ஒரு வயதுக் குழந்தையின் வீங்கிய விரல்கள் புதிதல்ல. அடிபட்டிருக்காது, பூச்சியும் கடித்திருக்காது. ஆனால் இரண்டு புறங்கைகளும் விரல்களும் பொம்மென்று வீங்கியிருக்கும், தொட்டாலே குழந்தை வீறிட்டு அழும். பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் குடும்பங்களிலும், வயநாடன் செட்டி போன்ற பிற சமூகங்களிலும் பரம்பரையாக வரும் அரிவாள் செல் ரத்தசோகை பல குழந்தைகளிடம் முதலில் இப்படித்தான் தலைகாட்டுகிறது.

நோய் உறுதியானதும் பெற்றோர் பலர் மருந்தைப் பற்றிக் கேட்பதில்லை. "எங்க வம்சத்துக்கு மட்டும் ஏன் டாக்டர் இது வருது?" என்றுதான் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் சாபம், பாவம் என்று ஊர் சொல்வதை நம்பிவிடும் குடும்பம், வீட்டிலுள்ள மற்றவர்களைப் பரிசோதனைக்கு அழைத்துவரத் தயங்குகிறது.

சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதன் பீட்டா சங்கிலி என்ற பகுதியில் ஆறாவது இடத்தில் குளுடாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் அந்த இடத்தில் வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம் அமர்ந்துவிடுகிறது. ஆக்சிஜன் குறையும்போது இத்தகைய ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகி, சிவப்பணுவை அரிவாள்போல வளைத்துவிடுகின்றன. சுமார் 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு 10 முதல் 20 நாளுக்குள் சிதைகிறது. வளைந்த அணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைப்பதால் எலும்பிலும் மார்பிலும் வயிற்றிலும் கடும் வலி எடுக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் இந்த நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் கேரியர். பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் இல்லாமல் இருப்பார்.

இவ்வளவு கேடு செய்யும் மரபணு தலைமுறைகளின் ஓட்டத்தில் அற்றுப்போயிருக்க வேண்டாமா? 1954இல் அந்தோணி அலிசன் என்ற ஆய்வாளர் கிழக்கு ஆப்பிரிக்காவில் செய்த ஆய்வில் இதற்கு விடை கிடைத்தது. ஃபால்சிபாரம் என்ற கடுமையான வகை மலேரியா பரவலாக இருந்த இடங்களில் கேரியர்களும் அதிகமாக இருந்தார்கள். கேரியர் குழந்தைகளை அந்தக் காய்ச்சல் அவ்வளவாக வீழ்த்தவில்லை. கிருமி புகுந்த சிவப்பணு அவர்கள் உடலில் எளிதில் வளைந்துவிடுவதும், கிருமி பெருகுமுன் மண்ணீரல் அந்த அணுவை அகற்றிவிடுவதும் இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானவை. நோயுற்ற சில குழந்தைகள் இறந்தாலும், காய்ச்சலுக்குத் தப்பிய கேரியர்கள் வளர்ந்து பிள்ளை பெற்றதால் மரபணு நிலைத்துவிட்டது.

நீலகிரிப் பழங்குடியினரிடம் இம்மரபணு இருப்பதை ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952இல் வெளியிட்டார்கள். வயநாட்டையும் அதையொட்டிய கூடலூர்க் காடுகளையும் மலேரியாவுக்கு அஞ்சி வெளியூரார் ஒதுக்கிய காலத்தில், அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் ரத்தத்தில் இந்தப் பாதுகாப்பு ஊறியிருந்தது. 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி கொசுவைக் கொல்லும் டிடிடி மருந்துத் தெளிப்பு பரவியது; மலேரியா பின்வாங்கியது. ஆனால் அதற்குப் பின் ஓடியவை மூன்று தலைமுறைகள்தாம். மரபணு கரைந்துபோக அது போதாது. ஆகவே அந்தப் பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான்: உங்கள் முன்னோரைக் காப்பாற்றிய ஒன்று, தேவை நீங்கிய பிறகும் உங்களிடம் தங்கியிருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, நோயுள்ள குழந்தைக்கு மலேரியா வராது என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. பாதுகாப்பு கேரியருக்குத்தான், நோயாளிக்கு மலேரியா வந்தால் ஆபத்து மிக அதிகம். அவர்களுடைய மண்ணீரல் சிறுவயதிலேயே பழுதடைவதால் எந்தக் காய்ச்சலையும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். நிமோனியா போன்ற தொற்றுகளை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசி தவறக் கூடாது. வெளிறிய முகத்தைக் கண்டதும் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் பழக்கமும் இங்கே உதவாது. இரும்புக் குறைபாடு இருப்பது பரிசோதனையில் தெரிந்தால் மட்டுமே அது தேவை. பிறந்து ஆறு மாதம் வரை குழந்தையைக் காப்பது கருக்கால ஹீமோகுளோபின். அதையே மீண்டும் கூட்டுகிற ஹைட்ராக்சியூரியா மாத்திரையை மருத்துவர் கண்காணிப்பில் ஒழுங்காக எடுத்தவர்களுக்கு வலி வரும் தடவைகள் குறைகின்றன.

முதல் பரிசோதனை எளியது. கரைசல் உள்ள குழாயில் சிறிது ரத்தத்தைக் கலந்து, சில நிமிடம் கழித்து அதன் பின்னால் கோடு போட்ட அட்டையைப் பிடிப்பார்கள். கோடுகள் தெரிந்தால் பெரும்பாலும் கவலையில்லை. கலங்கி மறைந்தால் அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது என்று பொருள். அது கேரியரா நோயா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரசிஸ் அல்லது எச்.பி.எல்.சி. பரிசோதனை வேண்டும். இந்த இரண்டாவது சோதனைக்குத் திரும்ப வராமல் நின்றுவிடுபவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

இரு கேரியர்கள் மணந்துகொண்டால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க 25 சதவீத வாய்ப்பு உண்டு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்ற கணக்கு செல்லாது. கேரியர் என்பதற்காக ஒரு பெண்ணையோ பையனையோ ஒதுக்க வேண்டியதில்லை. துணையின் ரத்தத்தையும் திருமணத்துக்கு முன்போ, கர்ப்பத்தின் தொடக்கத்திலோ பார்த்துவிட்டால் போதும். பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ளவர்களைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்டிருக்கிறது. வீட்டில் ஒரு குழந்தைக்கு நோய் இருப்பது தெரிந்தால் அதன் உடன்பிறந்தவர்களையும் சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி பிள்ளைகளையும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று, இந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.