சென்னைக் களிமண்ணில் சாலை: சிமென்ட்டா, சுண்ணாம்பா?

அண்ணா நகர், பெரம்பூர், மேற்கு மாம்பலம், விருகம்பாக்கம் பக்கம் குழி தோண்டினால் களிமண். திருவான்மியூர், கொட்டிவாக்கம், தண்டையார்பேட்டை பக்கம் மணல். வேளச்சேரி, ஆதம்பாக்கத்தில் பாறை. ஒரே ஊருக்குள் மண் இப்படி மாறும்போது, சாலைத் தளத்தின் மண்ணோடு கலக்க எல்லா இடத்துக்கும் "நாலு சதவீதம் சிமென்ட்" என்று எழுதிக் கொடுப்பது தவறு. மண்ணை வலுப்படுத்தும் வேலைகள் பல இடங்களில் தோற்பதற்கு முதல் காரணம் இதுதான்.

களிமண் தளத்தில் நாம் வழக்கமாகச் செய்வது, லாரி லாரியாகக் கிராவல் கொட்டி மட்டத்தை உயர்த்துவது. அதனால் சாலை மேலேறுகிறது, பக்கத்து வீடுகள் பள்ளத்தில் போகின்றன. மழைநீர் யார் வாசலுக்குப் போகும் என்பது சென்னைவாசிகளுக்குத் தெரியும். இருக்கிற மண்ணையே கிளறி, சுண்ணாம்போ சிமென்ட்டோ கலந்து இறுக்கினால் மட்டத்தை அதிகம் ஏற்றாமலே தளம் வலுப்பெறும். ஆனால் சரியாகச் செய்தால் மட்டுமே.

இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. சுண்ணாம்பு களிமண்ணோடு வினை புரிகிறது. அதிலுள்ள கால்சியம் களித்துகள்களின் மேல் ஒட்டியிருக்கும் சோடியம் போன்றவற்றை வெளியேற்றிவிட்டு அங்கே உட்காரும். ஓரிரு நாளில் பிசுபிசுப்பான மண் பொலபொலவென்று உதிரும். அதன் பிறகு, காரத்தன்மை உயர்ந்த நிலையில் களியிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, சுண்ணாம்போடு சேர்ந்து மெதுவாக இறுகும். இதற்கு வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். சிமென்ட்டுக்குக் களி தேவையில்லை. தண்ணீர் பட்டதுமே தானாக இறுகத் தொடங்கி, மண்துகள்களைப் பிணைக்கும். ஆகவே மணலுக்குச் சுண்ணாம்பு பயன்படாது. கெட்டியான களிமண்ணில் சிமென்ட் உள்ளே நுழையாது. கட்டிகளின் மேல் தோல் போலப் படிந்து, உள்ளே பச்சைக் களி அப்படியே கிடக்கும்.

தேர்வுக்கு முதல் வழிகாட்டி பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ், சுருக்கமாக பி.ஐ.; மண் எவ்வளவு அகன்ற ஈர வரம்பில் பிசையும் பதத்தில் இருக்கும் என்பதைச் சொல்லும் எண். இது 10-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் சிமென்ட், 20-க்கு மேலே போனால் சுண்ணாம்பு. இடைப்பட்ட மண்ணில் இரண்டையும் சோதித்துப் பார்க்க வேண்டும். கடினக் களியாக இருந்து வலுவும் சீக்கிரம் வேண்டுமென்றால், முதலில் 2 அல்லது 3 சதவீதம் சுண்ணாம்பு கலந்து, லேசாக ரோலரால் உருட்டி மூடி, 24 முதல் 48 மணி நேரம் ஊறவிட்டு, பிறகு சிமென்ட் சேர்க்கலாம். இந்த ஊறல் நேரத்தைத்தான் அவசரத்தில் முதலில் வெட்டுகிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள்.

பி.ஐ. மட்டும் பார்த்தால் போதாது. சல்பேட் 0.2 சதவீதத்தையும், மக்கிய கரிமப் பொருள் 2 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. எண்ணூர் உப்பளப் பகுதி, பள்ளிக்கரணை சதுப்பு ஓரம், பழைய ஏரி நிலங்கள் ஆகியவற்றில் இந்த இரண்டு சோதனையையும் தவிர்க்கவே கூடாது. சல்பேட் இருக்கும் களியில் சுண்ணாம்பு கலந்தால் எட்ரிஞ்சைட் என்ற படிகம் உருவாகி மண்ணை வீங்க வைக்கும். போட்ட தளம் மாதக்கணக்கில் மேலே எழும்பும். கரிமப் பொருள் அதிகமானால் மண் இறுகவே இறுகாது. கலக்கும் தண்ணீருக்கும் இந்தக் கவனம் வேண்டும். கடலோரப் பகுதியின் உப்பு போர்வெல் தண்ணீரைச் சோதிக்காமல் டேங்கரில் ஏற்றாதீர்கள்.

சுண்ணாம்பின் அளவைக் கண்டுபிடிக்க எளிய பி.எச். (காரத்தன்மை அளவு) சோதனை உண்டு. 425 மைக்ரான் சல்லடையில் சலித்த உலர் மண் 25 கிராம் வீதம் பல பாட்டில்களில் எடுத்து, 2, 3, 4, 5, 6 சதவீதம் என்று சுண்ணாம்பு போட்டு, 100 மி.லி. காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் குலுக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து பி.எச். 12.4-ஐ எட்டும் குறைந்த அளவே தொடக்கப் புள்ளி. இந்த 12.4 என்பது 25 டிகிரி வெப்பத்துக்கானது. நம் ஊர் மே மாதத்தில், ஏ.சி. இல்லாத ஆய்வகத்தில் அந்த எண் வராது. வெப்பத் திருத்தம் செய்யாமல் சுண்ணாம்பைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. இது தொடக்கப் புள்ளிதான். இறுதி அளவை நான்கு நாள் ஊறவைத்த மண்ணின் சி.பி.ஆர். (சுமை தாங்கும் திறன்), அமுக்க வலிமைச் சோதனைகள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிமென்ட் கலந்த துணை அடித்தளத்துக்கு (அடித்தளத்துக்குக் கீழே வரும் அடுக்கு) இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டியான ஐ.ஆர்.சி. 37 கேட்பது ஏழு நாளில் 1.5 முதல் 3 மெகாபாஸ்கல் அமுக்க வலிமை. களத்தில் கலவை ஆய்வகம்போல் வராது என்பதால், ஆய்வகத்தில் ஒன்றரை மடங்கு காட்ட வேண்டும். அதற்காகச் சிமென்ட்டை அள்ளிப் போடுவதும் கெடுதல். அதிகச் சிமென்ட் அதிகமாகச் சுருங்கும்; அந்த விரிசல் மேலே உள்ள தாரிலும் வந்து நிற்கும், மழைநீர் அதன் வழியே இறங்கும்.

களத்துக்கு வருவோம். இறுக்கிய அடுக்கின் தடிமன் 200 மி.மீ., உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 1.75 டன் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு 350 கிலோ மண். அதில் 4 சதவீதம் சிமென்ட்டோ சுண்ணாம்போ என்றால் 14 கிலோ. 3.75 மீட்டர் அகலச் சாலையில் 50 கிலோ மூட்டை ஒன்று 95 செ.மீ. நீளத்துக்குத்தான் வரும். மூட்டைகளைக் கட்டம் போட்டு வைத்துப் பிரித்தால் கண்ணளவில் ஏமாற மாட்டோம். இயந்திரத்தில் தூவினால், ஒரு சதுர மீட்டர் துணி விரித்து அதில் விழுந்ததை எடை போடுங்கள். சுண்ணாம்பின் தூய்மையும் கணக்கில் வர வேண்டும்: ஆய்வகத்தில் சோதித்த சுண்ணாம்பின் தூய்மை 85 சதவீதமாக இருந்து, வந்த லோடு 70 சதவீதமாக இருந்தால் 14 கிலோ 17 ஆகும். 70-க்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்புங்கள். திறந்து கிடந்த மூட்டை காற்றுபட்டு வெறும் சுண்ணாம்புக்கல் பொடியாகிவிடும், வலு தராது.

தூவும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. கடற்காற்று எழுந்துவிட்டால் பாதி அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகும். சுட்ட சுண்ணாம்பு தண்ணீர் பட்டால் கொதிக்கும். வியர்த்த தோலிலும் கண்ணிலும் அதே கதிதான். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் எந்தத் தொழிலாளியையும் மூட்டை பிரிக்க விடாதீர்கள். தோலில் பட்டால் முதலில் தூளைத் தட்டிவிட்டு, பிறகு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் உடனே கழுவத் தொடங்கி, குறைந்தது கால் மணி நேரம் தொடர்ந்து கழுவியபின் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

கிளறிய மண்ணில் கட்டி இருக்கக் கூடாது: முழுவதும் 26.5 மி.மீ. சல்லடையிலும், 80 சதவீதம் 5.6 மி.மீ. சல்லடையிலும் இறங்க வேண்டும். டிராக்டர் ரோட்டாவேட்டர் ஆழமாக இறங்காது என்பதையும் நினைவில் வையுங்கள்; தடிமனான அடுக்குக்கு, மண்ணை ஆழமாகக் கிளறிக் கலக்கும் ஸ்டெபிலைசர் இயந்திரம்தான் சரி. கலந்த ஆழத்தைப் பார்க்க, சிறு குழி வெட்டிப் பக்கச் சுவரில் பினால்ஃப்தலீன் (காரம் பட்டால் நிறம் மாறும் திரவம்) தெளித்தால், சுண்ணாம்பு எட்டிய இடம்வரை இளஞ்சிவப்பாகும். எவ்வளவு போட்டார்கள் என்பதை அது காட்டாது.

சிமென்ட் கலந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் உருட்டி முடிக்க வேண்டும், சுண்ணாம்புக்கு மூன்று. அதனால் உருட்ட முடிகிற நீளத்துக்கு மட்டும் கலக்குங்கள். ரோலர் பழுதானால் அந்தப் பகுதியை மறுநாள் அப்படியே உருட்டி ஒப்பேற்றக் கூடாது. இறுகிய மேற்பரப்பில் மேடு இருந்தால் சீவலாம். பள்ளத்தில் மெல்லிசாகப் பூசினால் தகடாக உரிந்து வரும். பிறகு ஏழு நாள் ஈரம் காயாமல், வண்டி ஏறாமல் காக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே மேலடுக்கும் முடிகிற மாதிரி வேலையைத் திட்டமிடுங்கள்.

குடிநீர், கழிவுநீர், மின்கேபிள் வேலை பாக்கி இருக்கும் தெருவில் இந்த முறையைத் தொடங்கவே வேண்டாம். இறுகிய தளத்தை வெட்டிக் குழாய் போட்டு, தோண்டிய களியையே திரும்பத் தள்ளினால் அந்தக் கோடு முழுக்க அமுங்கும். வெட்டியே தீர வேண்டுமென்றால், ஓரங்களைச் செங்குத்தாக அறுத்து, அடுக்கு அடுக்காக இறுக்கி, மேல் பகுதியை மெலிந்த (சிமென்ட் குறைந்த) கான்கிரீட்டால் நிரப்பச் சொல்லி அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.