தெற்காசிய சராசரியவிட நாம மேலன்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி

இருபது வருஷத்துக்கு மேல பேங்க்ல வேலை பாக்குறேன். "நிதித்துறையில தெற்காசிய சராசரியவிட இந்தியா மேல"ன்னு ஒரு சார்ட்ட யாராவது அனுப்பிச்சுட்டே இருக்காங்க, அத பாத்துட்டு நம்ம வீட்டுக்கும் எல்லாம் பத்திரமா இருக்குன்னு நினைச்சுக்கிறாங்க, அதனால தான் இத எழுதுறேன்.

சர்வதேச நாணய நிதியம் (ஐஎம்எஃப்) போடுற கணக்கு இது. பேங்குங்க தனியாருக்கு, அதாவது ஜனங்களுக்கும் கம்பெனிகளுக்கும் கொடுத்த லோன், பென்ஷன் ஃபண்டு, மியூச்சுவல் ஃபண்டு சொத்து, இன்சூரன்ஸ் பிரீமியம், இந்த நாலும் நாட்டோட ஜிடிபிக்கு (ஒரு வருஷ மொத்த உற்பத்தி மதிப்புக்கு) எவ்வளவுன்னு பாத்து 0-லேர்ந்து 1 வரைக்கும் ஒரு நம்பர் கொடுப்பாங்க, அதத்தான் நிதி நிறுவனங்களோட ஆழம்னு சொல்றது. இதுல முதல்ல கவனிக்க வேண்டியது என்னன்னா, தெற்காசிய ஜிடிபியில முக்கால் பங்குக்கு மேல இந்தியா தான், அப்போ ஜிடிபி அளவ வெச்சு எடுத்த சராசரின்னா அதுல பெரும்பகுதி நாமளே, நம்மள நம்மளோடயே ஒப்பிட்டு என்ன தெரிஞ்சுக்க முடியும்?

ஒவ்வொரு நாடா பாத்தா தான் விஷயம் புரியும். தனியாருக்கு கொடுத்த லோன் இந்தியாவுல ஜிடிபியில பாதி அளவு, பாகிஸ்தான்ல அதுல பாதி கூட வராது, ஆனா நேபாளத்துல 90 சதவீதம் பக்கம். நேபாளம் நம்மளவிட பணக்கார நாடா? இல்லையே. 2023-ல மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் கட்ட முடியாத ஜனங்க காத்மாண்டுல வந்து போராட்டம் பண்ணாங்க. கடன் ஏறினாலும் இந்த நம்பர் ஏறும், அது எப்பவும் நல்லதுக்குன்னு சொல்ல முடியாது.

எனக்கு கவலை இன்சூரன்ஸ் பக்கம் தான். 2023-24-ல நம்ம மொத்த பிரீமியம் ஜிடிபியில 3.7 சதவீதம், உலக சராசரி 7.

இந்த 3.7 வீட்டுக்குள்ள எப்படி இருக்கும்னு ஒரு தடவை கவுன்டர்ல பாத்தேன். கொத்தனார் வேலை பாத்த ஒருத்தர் திடீர்னு தவறிட்டாரு, அவர் சம்சாரம் பாஸ்புக்கோட வந்து "சார், இதுல ஏதோ ரெண்டு லட்சம் வரும்னு அவரு சொல்லிட்டு இருந்தாரு, கொஞ்சம் பாருங்க"ன்னாங்க. என்ட்ரி போட்டு பாத்தேன். அதுக்கு முந்தின ரெண்டு வருஷமும் மே கடைசியில இன்சூரன்ஸ் பிரீமியம் 436 ரூபா பிடிச்சிருக்கு, இந்த மே மாசம் இல்ல. பிடிக்க வேண்டிய அன்னைக்கு அக்கவுன்ட்ல இருந்தது 210 ரூபா, அதனால பாலிசி புதுப்பிக்கல. "இல்லம்மா, வராது"ன்னு சொல்ல எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு, அந்தம்மா எதுவும் கேக்காம பாஸ்புக்க மஞ்சப்பைக்குள்ள வெச்சுக்கிட்டு போயிட்டாங்க.

ஜன் தன் அக்கவுன்ட் 50 கோடிக்கு மேல இருக்கு, அது பெரிய சாதனை தான், நான் மறுக்கல. ஆனா அக்கவுன்ட் இருந்தா நான் இப்போ சொல்லப் போற ரெண்டு இன்சூரன்ஸும் தானா வந்துடாது, தனியா எழுதிக் கொடுக்கணும். பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் இன்சூரன்ஸ்ல 18-லேர்ந்து 50 வயசுக்குள்ள சேரணும், எப்படி இறந்தாலும் 2 லட்சம் (புதுசா சேர்ந்த முதல் 30 நாள்ல விபத்துன்னா மட்டும்), வருஷம் 436 ரூபா. விபத்துக்கான பிரதமர் சுரக்ஷா இன்சூரன்ஸ் 70 வயசு வரைக்கும், வருஷம் 20 ரூபா. ரெண்டும் ஜூன் 1-ல ஆரம்பிச்சு அடுத்த மே 31-ல முடியும், அதனால மே மாசம் மூணாவது வாரத்துக்குள்ள அக்கவுன்ட்ல ஒரு 500 ரூபா போட்டு வைங்க, ஜூன்ல என்ட்ரி போட்டு 436-ம் 20-ம் பிடிச்சிருக்கான்னு பாருங்க, நாமினி பேரு சரியா இருக்கான்னு கேளுங்க. அந்த பாஸ்புக் எங்க இருக்குன்னு வீட்ல இன்னொருத்தருக்கும் சொல்லி வைங்க.